வெளிநாட்டில் உறவினர் இறந்துவிட்டால்… உடலை ஊருக்குக் கொண்டுவர என்ன செய்யணும்?

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட், மணலி, எண்ணூர் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதிகளில் வெல்டர், ஃபிட்டர், கிரேன் ஆபரேட்டர், டிரைவர் என்று தொழில் பழகி வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் உண்டு. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கப்பல் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படிப் போன ஒருவர் இறந்துவிட்டார் என்று திடீரென்று போன் வரும்போது, துக்கத்தோடு சேர்ந்து மூன்று கேள்விகளும் வந்து நிற்கும். யாரைக் கேட்பது? எவ்வளவு செலவாகும்? எப்போது உடல் வரும்?

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. பலியான இந்தியர்களில் 45 பேரின் உடல்கள் ஜூன் 14 அன்று விமானப்படை விமானத்தில் கொச்சி வந்தன. அதில் 7 பேர் தமிழர்கள். ஒருவர் நம்ம வடசென்னைக்காரர். கொச்சியிலிருந்து அவரவர் ஊருக்கு ஆம்புலன்சில் உடல்களைக் கொண்டுவர தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்தது.

அது நாடே கவனித்த பெரிய விபத்து. ஒருவர் தூக்கத்தில் மாரடைப்பால் இறந்தாலோ, சாலை விபத்தில் இறந்தாலோ தனி விமானம் வராது. குடும்பம்தான் தகவல் சொல்லி, காகிதங்களைக் கொடுத்து, பின்தொடரணும். அதற்கான வழி இதோ.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

1. இறந்தவரின் பாஸ்போர்ட் நகல், விசா அல்லது அந்த நாட்டு அடையாள அட்டை நகல், நிறுவனத்தின் பெயர், உடன் வேலை பார்ப்பவர் ஒருவரின் செல்போன் எண், உடல் இருக்கும் மருத்துவமனை விவரம். இவற்றைப் போட்டோ எடுத்து ஒரே இடத்தில் வச்சுக்கோங்க.

2. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்குச் சொல்லுங்க. இந்தியாவுக்குள்ளிருந்து கட்டணமில்லா எண்: 1800 309 3793. வெளிநாட்டில் இருப்பவர்கள் +91 80 6900 9900 அல்லது +91 80 6900 9901 எண்ணில் அழைக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம்.

3. மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகாராகப் பதிவு செய்யுங்க. கட்டணம் கிடையாது. கிடைக்கும் பதிவு எண்ணை வைத்து, தூதரகம் என்ன செய்திருக்கிறது என்று செல்போனிலேயே பார்க்கலாம். ‘சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்’ என்று பணம் கேட்கும் இடைத்தரகர் இதற்குத் தேவையே இல்லை.

செலவு யாருடையது?

பல குடும்பங்கள் இங்கேதான் வட்டிக்குக் கடன் வாங்குகின்றன. அதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்க. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் தொழிலாளர் சட்டப்படி, இறந்த தொழிலாளியின் உடலைத் தயார் செய்து அவரது நாட்டுக்கு அனுப்பும் செலவு வேலை கொடுத்தவருடையது. ஆகவே முதல் கேள்வி நிறுவனத்திடம் போகணும்.

நிறுவனம் கைவிரித்தால், குடும்பத்துக்கும் வசதி இல்லையென்றால், இந்தியத் தூதரகங்களில் உள்ள இந்திய சமுதாய நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம். 2009-இல் தொடங்கப்பட்ட இந்த நிதியில் உடலை இந்தியாவுக்கு அனுப்பும் செலவும், அங்கேயே அடக்கம் செய்யும் செலவும் அடங்கும். குடும்பத்தின் பொருளாதார நிலையை எழுதி தூதரகத்துக்குக் கோரிக்கை அனுப்பணும். அயலகத் தமிழர் துறை மூலமாகவும் அனுப்பலாம்.

கப்பல் பணியாளர் என்றால் வேலைக்கு அனுப்பிய உரிமம் பெற்ற ஏஜென்சிக்கும், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும் தெரிவிங்க. குடும்பத்தின் விருப்பப்படி உடலையோ அஸ்தியையோ அனுப்ப வழிசெய்யணும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்த திருத்தம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

கையெழுத்துப் போடும் முன்

சில நாடுகளில், முக்கியமாக சவூதியில், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட பவர் பத்திரம் கேட்பார்கள். நோட்டரி சான்றுடன் அதை அனுப்பணும். உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்ற சம்மதமும், அங்கே குடும்பத்தின் சார்பில் செயல்படுபவர் யார் என்பதும் அதில் இருக்கும்.

அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. ‘நிறுவனத்திடமிருந்து எந்தப் பாக்கியும் இல்லை’ என்றோ, ‘இழப்பீட்டைப் பெற்றுக்கொள்ள இவருக்கு அதிகாரம்’ என்றோ ஒரு வரி அதில் இருக்கலாம். உடல் வருவதற்கான சம்மதம் வேறு. சம்பள பாக்கி, பணிக்கொடை, விபத்து இழப்பீடு வேறு. முதலாவதைக் கொடுப்பதற்காக இரண்டாவதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் பத்திரத்தின் நகலை தூதரகத்துக்கு அனுப்பிக் கேளுங்க.

எத்தனை நாளாகும்?

இயற்கை மரணம் என்றால் காகித வேலை ஓரளவு சீக்கிரம் முடியும். விபத்து, தற்கொலை, கொலை என்றால் அந்த நாட்டுக் காவல்துறை விசாரணையும், தேவைப்பட்டால் பிரேதப் பரிசோதனையும் முடிந்த பிறகே உடலைக் கொடுப்பார்கள். இதைத் தூதரகத்தால் வேகப்படுத்தக் கேட்கத்தான் முடியும், தவிர்க்க முடியாது.

விமானத்தில் உடல் ஏற இந்த ஆவணங்கள் வேண்டும்:

• அந்த நாட்டு மரணச் சான்று. அரபியில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்புடன்
• உடல் கெடாமல் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று
• இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று
• ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட்டின் நகல்

சென்னை வந்து சேர்ந்ததும்

உடல் சரக்குப் பிரிவு வழியாகத்தான் வரும். விமான நிலைய சுகாதார அதிகாரியின் அனுமதியும் வேண்டும். இந்த அனுமதிக்காக 2023 ஆகஸ்டில் ‘இ-கேர்’ என்ற இணையதளம் தொடங்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் விண்ணப்பிக்கலாம். ஆவணங்கள் முன்கூட்டியே பதிவாகிவிட்டதா என்று விமான நிறுவனத்திடமோ சரக்கு ஏஜென்டிடமோ கேட்டு உறுதி செய்யுங்க.

யார் பெயருக்கு உடல் அனுப்பப்படுகிறதோ, அவரே அசல் ஆதாரோடு மீனம்பாக்கம் போகணும். வீடு வரை வண்டி தேவையென்றால் உடல் கிளம்பும் முன்பே அயலகத் தமிழர் துறையிடம் சொல்லி உதவி கேளுங்க. எம்பாமிங் சான்று, மரணச் சான்று, தடையின்மைச் சான்று மூன்றிலும் இரண்டு நகல் கையில் இருக்கட்டும். மயானத்திலும் கேட்பார்கள்.

காரியம் முடிந்த பிறகு

வெளிநாட்டில் நடந்த மரணத்தை நம்ம மாநகராட்சி அலுவலகத்தில் பதிய முடியாது. இந்தியத் தூதரகத்தில் பதிந்து சான்று வாங்கணும். அதை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். சாத்தாங்காட்டுக்காரர்களுக்கு திருவொற்றியூர் வட்டாட்சியர் அலுவலகம். வளைகுடா நிறுவனங்கள் தூதரகத்தில் கட்டும் இழப்பீடு பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் வழியாக வாரிசுகளுக்கு வரும் என்பதால், இந்தச் சான்றிதழைத் தள்ளிப்போடாதீங்க.

இன்னொன்றையும் தேடிப் பாருங்க. குடியேற்ற அனுமதி பெற்று வேலைக்குப் போனவர்களுக்கு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயம். பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். போகும்போது கட்டிய இந்தச் சின்னத் தொகை வீட்டில் பலருக்குத் தெரிந்திருக்காது. விசா, ஒப்பந்தம் வைத்திருக்கும் ஃபைலில் அந்த பாலிசி இருக்கலாம்.

உங்க வீட்டிலிருந்து யாராவது இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்களா? அவருடைய பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீட்டு பாலிசி நான்கையும் இன்றைக்கே வாட்ஸ்அப்பில் வாங்கி வச்சுக்கோங்க.