நிற்கிற காருக்கும் வயதாகும்

பாவித்த கார் பார்க்கப் போகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது ஓடிய தூரம் காட்டும் மீற்றரைத்தான். எண் குறைவாக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். சாதாரண ஜப்பான் காருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். வேகத்துக்கென்றே ஜேர்மனியில் செய்த சொகுசுக் கார் ஒன்று, பதினைந்து வயதைத் தாண்டி, பேராதனையில் விலைக்கு நிற்கிறது என்று வையுங்கள். அதன் உண்மையான வயதை மீற்றர் சொல்லாது.

பி.எம்.டபிள்யூ எம்5 ஐ எடுத்துக்கொள்வோம். 2005 முதல் 2010 வரை விற்ற ஈ60 தலைமுறை. இலங்கையில் எஞ்சின் பெரிதாகப் பெரிதாக இறக்குமதி வரியும் ஏறுகிறது என்பதால் 5 லீற்றர் கார் இங்கே அபூர்வம். ஆனாலும் தேய்மானத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பத்து சிலிண்டர், 507 குதிரைவலு. 2005, 2006 இரு ஆண்டும் உலகின் சிறந்த எஞ்சின் என்ற விருது இதற்கே கிடைத்தது.

இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 8,250 தடவை சுழலக்கூடியது. அந்த வேகத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 137 தடவை மேலேறிக் கீழிறங்குகிறது. உச்சியைத் தொட்டுத் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பின் மூவாயிரம் மடங்கைத் தாண்டும். ஒரு கிலோ எடையுள்ள பொருள் அந்தக் கணத்தில் மூன்று தொன்னுக்கு மேல் இழுக்கும். அந்த இழுவையைத் தாங்குவது, மெக்கானிக்குகள் பிக் எண்ட் பெயாரிங் என்று சொல்லும் மெல்லிய உலோக ஓடுகள். உலோகமும் உலோகமும் உரசாமல் நடுவே நிற்பது ஒயில் படலம் மட்டுமே. அதன் தடிப்பு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு.

இந்தக் காரின் பேர்போன பலவீனமும் அந்த இடத்தில்தான். இதற்கு விதிக்கப்பட்டது 10டபிள்யூ-60 என்ற கனமான ஒயில். சூடேறிய பிறகு அருமையானது, குளிர்ந்திருக்கும்போது பாகுபோல் நகரும். பெயாரிங்கின் இடைவெளியோ இறுக்கமானது. ஒயில் முழுச் சூட்டுக்கு வருமுன் எஞ்சினை விரட்டினால் தேய்மானம் கூடுகிறது. விஷயம் தெரிந்த உரிமையாளர்கள் சத்தம் வரும்வரை காத்திருப்பதில்லை. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பெயாரிங்கை மாற்றிவிடுகிறார்கள். நோயில்லாத உடம்புக்குச் சத்திரசிகிச்சையா என்று கேட்கலாம். கிராங்க் எனும் சுழல்தண்டோடு சேர்த்து எஞ்சினையே இழப்பதைவிட அது மலிவு.

பேராதனையிலிருந்து கண்டி ஆறு கிலோமீற்றர் அளவுதான். கெட்டம்பே நெரிசலில் ஊர்ந்து போகும் கார் சேருமிடத்தை அடையும்போது தண்ணீர் சூடாகியிருக்கும், ஒன்பது லீற்றருக்கு மேற்பட்ட ஒயில் இன்னும் சரியாகச் சூடாகியிருக்காது. இப்படி நாள்தோறும் குறும்பயணம் போனால், எரிதலில் உண்டாகும் நீரும் எரியாத பெற்றோலும் ஆவியாகி வெளியேற நேரமில்லாமல் ஒயிலிலேயே தங்கும். ஆகவே மீற்றரில் குறைந்த எண்ணைக் கண்டு மகிழ்கிறவர், அது எப்படிப்பட்ட ஓட்டத்தில் சேர்ந்த எண் என்றும் கேட்க வேண்டும்.

இனி, கார் ஓடாத நேரத்துக்கு வருவோம். எந்தக் காரும் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நின்றபடியே கழிக்கிறது. இறப்பரும் பிளாஸ்டிக்கும் மூப்படைவது இரசாயனத் தாக்கத்தால். வெப்பநிலை 10 பாகை கூடினால் அத்தகைய தாக்கத்தின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது இரசாயனவியலாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. ஜேர்மனியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 10 பாகை செல்சியஸை ஒட்டியது. கண்டிப் பக்கம் 24, 25. அந்தக் கணக்கில், நிறுத்தி வைத்த காரின் குழாய்களும் ஒயில் சீல்களும் இங்கே இரண்டரை மடங்குக்கு மேல் விரைவாக முதிர்கின்றன. பத்து வருடம் மூடிப் பாதுகாத்த கார் என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். இறப்பருக்கு அது பெருமையல்ல. மலைநாட்டுக்கு ஒரு சாதகமும் உண்டு: ஐரோப்பியப் பனிக்கால வீதிகளில் தூவும் உப்பும் கொழும்புக் கரையோரத்து உப்புக்காற்றும் இங்கே இல்லை. அடிப்பாகத் தகடுகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஈரத்திடம் தப்பாதது பிரேக் திரவம். அது காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சும் குணமுடையது. புதிய டொட் 4 திரவம் குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக் கூடாது, 3.7 வீதம் நீர் கலந்துவிட்டால் தரவிதி கேட்பது 155 பாகைதான். கடுகண்ணாவையிலிருந்து மாவனல்லைப் பக்கம் இறங்குகிறவருக்கு இந்த எண்கள் வெறும் எண்களல்ல. 1,800 கிலோ கார் 300 மீற்றர் உயரம் இறங்கினால் 53 இலட்சம் யூல் சக்தி எங்காவது போயாக வேண்டும். பதினேழு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அத்தனையும் பிரேக்குக்கே போய், வட்டுகளின் இரும்பு மொத்தம் 40 கிலோ, வெப்பம் சிறிதும் வெளியேறவில்லை என்று கொண்டால், வட்டுகள் ஏறத்தாழ 280 பாகை சூடேறும். நடைமுறையில் காற்று குளிர்த்தும், தாழ்ந்த கியர் பாதிப் பாரத்தைச் சுமக்கும். ஆனால் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கும் பழக்கமும் நான்கு வருடத்துப் பழைய திரவமும் சேர்ந்தால், திரவம் கொதித்து ஆவியாகி, பெடல் மெத்தென்று தரைவரை போய்விடும். எம்5 இன் முன் வட்டு 374 மில்லிமீற்றர் விட்டமுடையது. அவ்வளவு பெரிய பிரேக்கையும் தோற்கடிப்பது மாற்றாமல் விட்ட ஒரு லீற்றர் திரவம்.

பெற்றோலுக்கு வந்தால், நமது நிரப்பு நிலையங்களில் பெரும்பாலும் கிடைப்பது 92, 95 ஒக்டேன். இந்த எஞ்சின் விரும்புவது 98. அப்படியும் அது உடைந்துபோகாததற்கு ஓர் அழகான காரணம் உண்டு. பிளக்கில் தீப்பொறி முடிந்த மறுகணமே அதே பிளக்கின் முனைகளுக்கிடையே நுண்ணிய மின்னோட்டம் ஒன்றைச் செலுத்தி, எரிதல் முறையாக நடக்கிறதா, வெடித்து அதிர்கிறதா என்று கணினி அறிந்துகொள்கிறது. அதிர்ந்தால் பற்றவைக்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடும். காசு கொடுத்து வாங்கிய குதிரைவலுவில் கொஞ்சம் அப்படிக் கரைகிறது. கட்டுகஸ்தோட்டைக்குப் போய்வர அது தேவைப்படாதென்பது வேறு விஷயம். நகருக்குள் வேக எல்லை 50, அதிவேகப் பாதையிலேயே 100.

செலவுக்கு வருவோம். காரின் விலை இறங்கலாம், உதிரிப்பாகத்தின் விலை புதுக் காரின் தரத்திலேயே நிற்கும். அதுவும் அந்நிய நாணயத்தில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதத்தில் 360. ஆயிரம் டொலர் சாமான் ஒன்று இரண்டு மாதத்தில் இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமாயிற்று. பஞ்சிகாவத்தையில் ஜப்பான் காருக்குக் கழற்றிய சாமான் தேடினால் கிடைக்கும், இதற்குத் தேடிப்பாருங்கள். அதே ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் பங்கிட்டபோது, நூறு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 15 லீற்றர் குடிக்கும் இக்கார் பேராதனையிலிருந்து கொழும்புக்குப் போயிருக்கும், திரும்பி வந்திருக்காது. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் சிறிய பாவித்த கார்கள் வாங்கிய விலைக்கு மேல் விற்றன. அந்த நியாயத்தைப் பெரிய எஞ்சினுக்கும் நீட்டி ஏமாந்துவிடக் கூடாது. அதற்கு வாங்குகிறவர் குறைவு.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை தீராதவர்களுக்கு என் யோசனை இது. விலை பேசுமுன் பிரேக் திரவம் கடைசியாக மாற்றிய திகதியைக் கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு மேலென்றால் முதற் செலவு அது. ரேடியேற்றர் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு நூறு மில்லிலீற்றர் எஞ்சின் ஒயிலை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். இந்த எஞ்சினின் பெயாரிங்குகளில் பெரும்பாலானவை ஈயமும் செம்பும் கலந்தவை. அவை தேயும்போது அந்த உலோகங்கள் ஒயிலில் தெரியவரும். கராஜ் பாஸ் காதை வைத்துக் கேட்டும் பிடிபடாத தேய்மானத்தை அந்தப் பரிசோதனை பல மாதங்களுக்கு முன்னரே காட்டிவிடும். விற்பவர் ஒயில் எடுக்க விடவில்லையென்றால் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.