பயிற்சியாளர் களமிறங்கினார்
(பனிமலைப் பந்தயங்கள் – 9)

1940 குளிர்கால ஒலிம்பிக் போட்டி எத்தனை கை மாறியது என்று போன வாரம் பார்த்தோம். சப்போரோ, செயின்ட் மோரிட்ஸ், கடைசியில் ஹிட்லரின் கார்மிஷ். எங்கும் நடக்கவில்லை. 1944-ல் இத்தாலியின் கோர்ட்டினாவில் நடக்க வேண்டியதும் போரோடு போயிற்று.

மறுபடி நடத்தலாம் என்றபோது சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸே பொருத்தமாக இருந்தது. நடுநிலை நாடு. 1928-ல் போட்டி நடத்திய ஊர் என்பதால் பனித்தளம், தாவுமேடை, விடுதிகள் எல்லாம் குண்டு படாமல் அப்படியே இருந்தன. 1948 ஜனவரி 30-ம் தேதி 28 நாடுகள் அங்கே கூடின. அன்று மாலைதான் டெல்லியில் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் தேதியை இந்தியாவில் வேறெதற்காகவும் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அழைப்பு இல்லை. விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போலந்து அணியைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது என்பேன். மூன்று ஒலிம்பிக்கில் ஆடிய பனிச்சறுக்கு வீரர் ப்ரோனிஸ்வாஃப் செக், ஆஷ்விட்ஸுக்குப் போன முதல் கைதி ரயிலிலேயே ஏற்றப்பட்டவர். 1944-ல் அங்கேயே இறந்தார். அவருடைய ஊர்க்காரர் ஸ்தானிஸ்வாஃப் மருசார்ஸ், மலை வழியே ரகசியத் தகவல் கொண்டுபோய் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். மரண தண்டனைக் கைதியாக இருந்தவர் க்ராக்கோவ் சிறையிலிருந்து தப்பினார். அவரது தங்கை ஹெலினாவும் பனிச்சறுக்கு சாம்பியன்தான். அவரை 1941-ல் கொன்றுவிட்டார்கள். 1948-ல் மருசார்ஸ் செயின்ட் மோரிட்ஸின் தாவுமேடையில் ஏறினார். பதக்கம் கிடைக்கவில்லை.

அதே மேடையில்தான் நார்வேயின் பிர்கர் ரூடும் இருந்தார். காங்ஸ்பெர்க் என்ற வெள்ளிச் சுரங்க ஊர்க்காரர். அண்ணன் சிக்மண்ட், தம்பி ஆஸ்பியோர்ன் உட்பட மூவருமே பனிச்சறுக்குத் தாவலில் உலக சாம்பியன்கள். பிர்கர் 1932-லும் 1936-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்தார். ஜெர்மானியர் நார்வேயைப் பிடித்துக்கொண்டு விளையாட்டுச் சங்கங்களைத் தங்கள் ஆட்களிடம் கொடுத்ததும், நார்வே வீரர்கள் கூண்டோடு போட்டிகளைப் புறக்கணித்தார்கள். காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் தாங்களே போட்டி வைத்துக்கொண்டார்கள். நாஜிகளுக்குப் பணியாத ரூடை 1943-ல் ஓஸ்லோவுக்கு அருகே உள்ள க்ரீனி முகாமில் அடைத்தார்கள். ஒரு தாவல்காரருக்கு நல்ல வயது இருபதுகள். ரூடின் முப்பதுகளின் தொடக்கம் கம்பி வேலிக்குள் போயிற்று.

செயின்ட் மோரிட்ஸுக்கு அவர் வந்தது பயிற்சியாளராகத்தான். வயது 36. போட்டி நெருங்கியபோது வானிலை மோசமானது. அனுபவம் குறைந்த ஓர் இளைஞரை அந்தக் காற்றில் தாவ விடுவதைவிடத் தானே இறங்குவது மேல் என்று முடிவுசெய்து, அவர் இடத்தில் தாவினார்.

இந்த விளையாட்டில் தூரம் மட்டும் போதாது. மேடை நுனியில் காலை உந்தும் நொடி தவறினால் எல்லாம் தவறும். அந்தக் காலத்தில், காற்றில் இடுப்பை மடித்து முன்னால் சாய்ந்து, காலில் கட்டிய இரண்டு பலகைகளையும் இணையாக வைத்திருக்க வேண்டியிருந்தது. இறங்கும்போது ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் நடுவர்கள் தனியாக மதிப்பெண் போடுவார்கள். காற்றில் அப்படிச் சாய்வது சிக்மண்டும் இன்னொரு நார்வே வீரரும் முன்பே வளர்த்தெடுத்த பாணி. பிர்கருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

தங்கம் பெட்டர் ஹுக்ஸ்டெட்டுக்கு; அவரும் காங்ஸ்பெர்க்காரர். ஒன்றரைப் புள்ளி பின்னால், வெள்ளி பிர்கர் ரூடுக்கு. வெண்கலமும் நார்வேக்கே. முதல் தங்கத்துக்குப் பதினாறு ஆண்டு கழித்து வந்த இந்த வெள்ளியை, அவருடைய இரண்டு தங்கத்துக்கும் மேலாகவே நான் வைப்பேன்.

அதே ஊரில் ஐஸ் ஹாக்கிக்கு அமெரிக்காவிலிருந்து ஒன்றல்ல, இரண்டு அணிகள் வந்து இறங்கின. அந்தச் சண்டை அடுத்த வாரம்.

(தொடரும்)