வாலட்டில் பணம் ஏற்றினால் கிரெடிட் கார்டு பாயிண்ட் இலவசமா? கணக்கு போட்டுப் பார்த்தால் என்ன கிடைக்கும்?

கிரெடிட் கார்டில் இருந்து வாலட்டுக்கு 10,000 ரூபாய் ஏற்ற வேண்டும். அதை அப்படியே பேங்க் அக்கவுன்ட்டுக்கு மாற்ற வேண்டும். பில் வந்ததும் அதே பணத்தைக் கட்டிவிட வேண்டும். கையில் இருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை, ஆனால் கார்டில் ரிவார்டு பாயிண்ட் ஏறிவிட்டது. யூடியூப் வீடியோக்களிலும் டெலிகிராம் குரூப்களிலும் 'ஃப்ரீ பாயிண்ட்' என்று சுற்றிக்கொண்டிருக்கும் ஐடியா இதுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு வரை இது உண்மையிலேயே நடந்தது. இன்றைக்கு அதே வேலையைச் செய்தால் பல கார்டுகளில் பாயிண்ட்டும் வராது, மேலே கட்டணமும் போகும். பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு இறங்குபவர்களுக்கு இது பில் வந்த பிறகுதான் தெரிகிறது.

முதலில், பாயிண்ட்டுக்கான காசை யார் கொடுக்கிறார்கள்?

கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்தால், கடைக்காரருக்கு முழுப் பணம் போய்ச் சேராது. அவர் ஒரு சிறு சதவீதத்தை எம்.டி.ஆர் என்ற கட்டணமாகக் கொடுக்கிறார். அதில் பெரும் பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அந்த வருமானத்தில் இருந்து ஒரு துண்டைக் கிள்ளி வாடிக்கையாளருக்குக் கொடுப்பதுதான் ரிவார்டு பாயிண்ட். வங்கி தன் கையில் இருந்து எதையும் வாரி வழங்குவதில்லை.

இப்போது வாலட்டுக்கு வருவோம். வாலட், கிஃப்ட் கார்டு, மெட்ரோ பயண அட்டை, டோல்கேட்டில் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் எல்லாமே ரிசர்வ் வங்கியின் கண்ணில் ஒரே குடும்பம்தான். முன்கூட்டியே பணம் போட்டு வைத்து, பிறகு செலவழிக்கும் பிரீபெய்டு கருவிகள். கிரெடிட் கார்டில் இருந்து வாலட்டுக்குப் பணம் ஏற்றும்போது அங்கே 'கடைக்காரர்' வாலட் நிறுவனம்தான். எனவே எம்.டி.ஆர் கட்டுவதும் அந்த நிறுவனம்தான். கட்டணம் 2% என்று வைத்துக்கொண்டால், 10,000 ரூபாய்க்கு 200 ரூபாய் அவர்களுக்குச் செலவு.

வாடிக்கையாளர் அந்தப் பணத்தில் மளிகை வாங்கினால், அந்தக் கடையில் இருந்து வாலட் நிறுவனத்துக்கு ஏதாவது திரும்பி வரும். ஆனால் அவர் பணத்தை இலவசமாக பேங்க் அக்கவுன்ட்டுக்கு மாற்றிவிட்டால்? 200 ரூபாய் போனது போனதுதான். அதாவது 'ஃப்ரீ பாயிண்ட்' என்பது ஃப்ரீ கிடையாது. யாரோ ஒருவர் அதற்குக் காசு கட்டுகிறார். அவர் விழித்துக்கொள்ளும் நாள் வரைதான் இந்த ஆட்டம் ஓடும்.

2017-ல் பேடிஎம் போட்ட கட்டணம்

2016 நவம்பரில் வந்த பணமதிப்பிழப்பு அறிவிப்புக்குப் பிறகு வாலட்கள் ஊரெங்கும் பரவின. வாலட்டில் இருந்து வங்கிக்கு மாற்ற பேடிஎம் அப்போது கட்டணம் வாங்கவில்லை. சாமர்த்தியக்காரர்கள் விடுவார்களா? கிரெடிட் கார்டில் ஏற்றுவது, வங்கிக்கு மாற்றுவது, பில்லைக் கட்டுவது, மறுபடியும் ஏற்றுவது என்று பணத்தைச் சுற்ற விட்டார்கள்.

2017 மார்ச்சில் பேடிஎம் நிறுவனமே இதை வெளிப்படையாகச் சொன்னது. பாயிண்ட்டுக்காகச் சிலர் இப்படிச் செய்கிறார்கள், அந்தச் செலவை நாங்கள் சுமக்கிறோம் என்று கூறி, கிரெடிட் கார்டில் பணம் ஏற்றினால் 2% கட்டணம் என அறிவித்தது. சாதாரணமாகப் பயன்படுத்துபவர்களுக்கும் அது சுமையானதால் எதிர்ப்பு கிளம்பியது. ஓரிரு நாளிலேயே கட்டணம் வாபஸ் ஆனது. ஆனால் அது தற்காலிக நிம்மதிதான். பின்னாளில் கட்டணம் திரும்பி வந்தது.

அமெரிக்காவில் நாணயத்தில் ஆரம்பித்த கதை

இந்த விளையாட்டில் நம்மவர்களுக்கு முன்னோடிகள் அமெரிக்கர்கள். அங்கே இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது: 'மேனுஃபேக்சர்டு ஸ்பெண்டிங்'. அதாவது இல்லாத செலவை உருவாக்குவது.

1 டாலர் நாணயங்களைப் புழக்கத்தில் விடுவதற்காக 2008-ல் அமெரிக்க நாணயச்சாலை ஒரு திட்டம் கொண்டு வந்தது. நாணயத்தின் மதிப்பை மட்டும் கட்டினால் போதும், அனுப்பும் செலவு இலவசம். கிரெடிட் கார்டிலும் கட்டலாம். உடனே ஒரு கூட்டம் பெட்டி பெட்டியாக நாணயங்களை ஆர்டர் செய்தது. வீட்டுக்கு வந்த பெட்டியை நேராக வங்கிக்கு எடுத்துப்போய் டெபாசிட் செய்து, அந்தப் பணத்தில் கார்டு பில்லைக் கட்டியது. நாணயங்களைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களின் கணக்கில் விமான மைல்கள் மலையாய்க் குவிந்தன. 2011 ஜூலையில் இந்தத் திட்டத்துக்கு கிரெடிட் கார்டு வாங்குவதையே நாணயச்சாலை நிறுத்திவிட்டது.

நாணயம் போனது, பிரீபெய்டு கார்டு வந்தது. மருந்துக் கடைகளில் 500 டாலர் வரை ஏற்றித் தரும் ரீலோடு கார்டுகள் 3.95 டாலர் கட்டணத்துக்குக் கிடைத்தன. அதை கிரெடிட் கார்டில் வாங்கி, 2012-ல் வால்மார்ட்டும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் சேர்ந்து கொண்டு வந்த 'புளூபேர்ட்' என்ற பிரீபெய்டு கணக்கில் ஏற்றலாம். அதில் இருந்து பில்லைக் கட்டலாம். 2% கேஷ்பேக் தரும் கார்டு என்றால் 500 டாலருக்கு 10 டாலர் வரவு, கட்டணம் போக சுமார் 6 டாலர் லாபம். கடைகள் ஒவ்வொன்றாக இதற்கு கிரெடிட் கார்டு வாங்குவதை நிறுத்தின. 2016 ஜனவரியில் இப்படிப் பயன்படுத்தியவர்களின் கணக்குகளை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மொத்தமாக மூடியது.

இதில் ஒரு வழக்கு சுவாரஸ்யமானது. ஒரு தம்பதி 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் இந்த வழியில் 3 லட்சம் டாலருக்கும் மேல் ரிவார்டு எடுத்தார்கள். அவர்களிடம் இருந்த கார்டு, ஆண்டுக்கு 6,500 டாலர் செலவைத் தாண்டினால் சூப்பர் மார்க்கெட், மருந்துக் கடைகளில் 5% கேஷ்பேக் தந்தது. பெரும்பாலும் அங்கே கிஃப்ட் கார்டுகளாக வாங்கி, அவற்றை மணியார்டராக மாற்றி வங்கியில் போட்டார்கள். 'இது வருமானம், வரி கட்டுங்கள்' என்றது வருமான வரித்துறை.

2021-ல் வரித் தீர்ப்பாயம் சொன்ன தீர்ப்பு இரு பக்கமும் வெட்டியது. கிஃப்ட் கார்டு என்பது கடையில் வாங்கிய ஒரு பொருள், அதற்குக் கிடைத்த ரிவார்டு விலைத் தள்ளுபடி மாதிரி, வரி கிடையாது. ஆனால் கிரெடிட் கார்டில் நேரடியாக மணியார்டர் வாங்கியதற்கும், பிரீபெய்டு டெபிட் கார்டில் பணம் ஏற்றியதற்கும் கிடைத்த ரிவார்டு வருமானம்தான். அங்கே எந்தப் பொருளும் வாங்கப்படவில்லை, காசு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இது அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு, இந்தியாவுக்குப் பொருந்தாது. ஆனால் 'பொருள் வாங்குவது வேறு, காசை இடம் மாற்றுவது வேறு' என்ற அந்தக் கோட்டைத்தான் இங்குள்ள வங்கிகளும் இப்போது போட்டுவைத்திருக்கின்றன.

வாலட்டில் ஏற்றியது வங்கிக்கு எப்படித் தெரியும்?

கார்டு வாங்கும் ஒவ்வொரு வணிகருக்கும் எம்.சி.சி என்ற நான்கு இலக்க எண் உண்டு. மளிகை சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411. வாலட், பிரீபெய்டு கார்டில் பணம் ஏற்றுவதற்கு 6540. கார்டு தேய்ந்த அந்த நொடியே இந்த எண் வங்கிக்குப் போய்விடுகிறது. எனவே 'வங்கிக்குத் தெரியாமல்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 6540-க்குப் பாயிண்ட் இல்லை என்று வங்கி முடிவு செய்துவிட்டால், 100 ரூபாய் ஏற்றினாலும் 1 லட்சம் ஏற்றினாலும் பாயிண்ட் பூஜ்யம்தான்.

பாயிண்ட் இல்லை என்பதோடு விஷயம் நிற்கவில்லை. 2025 ஜூலை 1 முதல், ஒரு மாதத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் வெளி வாலட்களில் ஏற்றினால் 1% கட்டணம் என்று எச்டிஎஃப்சி வங்கி கொண்டு வந்தது. அதிகபட்சம் 4,999 ரூபாய். 2025 நவம்பர் 1 முதல், 1,000 ரூபாய்க்கு மேல் செய்யும் ஒவ்வொரு வாலட் ஏற்றத்துக்கும் 1% என்று எஸ்பிஐ கார்டு அறிவித்தது.

ரிசர்வ் வங்கியே தடை போட்டுவிட்டதாக ஒரு குழப்பமும் இருக்கிறது. 2022 ஜூன் 20 அன்று ரிசர்வ் வங்கி அனுப்பிய கடிதம் வேறு விஷயம். சில ஸ்டார்ட்அப் நிறுவனங்கள் கடன் தொகையை நேராக பிரீபெய்டு கார்டில் ஏற்றி, அதை கிரெடிட் கார்டு மாதிரி விற்றுக்கொண்டிருந்தன. அதைத்தான் நிறுத்தச் சொன்னது. 2021-ல் வெளியான ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வங்கி கொடுத்த கிரெடிட் கார்டில் இருந்து வாலட்டில் பணம் ஏற்ற அனுமதி உண்டு. சட்ட விரோதம் கிடையாது. கட்டுப்படி ஆகாது, அதுதான் பிரச்னை.

10,000 ரூபாய்க்கு என்ன கணக்கு?

நல்ல கார்டு, 100 ரூபாய்க்கு 1 ரூபாய் மதிப்புள்ள பாயிண்ட் தருகிறது, வாலட்டுக்கும் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்கு 100 ரூபாய் வரவு. 1% கட்டணம் 100 ரூபாய். அதன் மேல் 18% ஜிஎஸ்டி, 18 ரூபாய். ஆக 118 ரூபாய் செலவு செய்து 100 ரூபாய் சம்பாதித்தாகிவிட்டது! வாலட் நிறுவனம் தனியாக வாங்கும் கட்டணம், வங்கிக்கு மாற்றும் கட்டணம் எல்லாம் இதில் சேரவில்லை. பாயிண்ட்டின் மதிப்பு 25 பைசா என்று இருக்கும் கார்டுகளில் நிலைமை இன்னும் மோசம்.

பில் கட்டுவதில் ஒரே ஒரு மாதம் தவறினால் இந்தக் கணக்கே தலைகீழாகிவிடும். பல கிரெடிட் கார்டுகளில் மாத வட்டி 3.5% முதல் 3.75% வரை இருக்கிறது. 3.75% என்றால் 10,000 ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு 375 ரூபாய், ஜிஎஸ்டியோடு 442 ரூபாய் தாண்டும். 100 ரூபாய் பாயிண்ட்டுக்காக வாலட்டுக்கு மாற்றிய பணம் அவசரத்துக்கு வேறு செலவில் கரைந்து, பில் தேதியில் கையைப் பிசைந்து நிற்பதுதான் இந்த ஐடியாவில் உண்மையான ஆபத்து. வாலட்டில் கிடக்கும் பணத்துக்கு வட்டியும் கிடையாது. கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

பெரிய தொகையைச் சுற்றுபவர்களுக்கு இன்னொரு தலைவலி. ஒரு நிதியாண்டில் கிரெடிட் கார்டு பில்லாக 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் கட்டினால், வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சமே போதும். மாதம் 1 லட்சம் சுற்ற விடுபவரின் பெயரில் ஆண்டுக்கு 12 லட்சம் செலவு பதிவாகும். அவர் காட்டும் வருமானம் 6 லட்சம் என்றால் கேள்வி வரத்தானே செய்யும்? அது ஒரே பணம் திரும்பத் திரும்பச் சுற்றியது என்று ஸ்டேட்மென்ட்களை எடுத்து வைத்து விளக்க வேண்டியது அவர் பொறுப்பு. இது போதாதென்று, கார்டைத் தவறாகப் பயன்படுத்துவதாகக் கருதினால் பாயிண்ட்களை ரத்து செய்யவும் கார்டை முடக்கவும் வங்கிக்கு ஒப்பந்தத்திலேயே உரிமை இருக்கிறது. நாம் படிக்காமல் 'ஐ அக்ரி' அழுத்திய அந்த ஒப்பந்தம்தான்.

அப்போ பிரீபெய்டில் பாயிண்ட் எடுக்கவே முடியாதா?

முடியும், கிஃப்ட் வவுச்சர் வழியாக. பல வங்கிகள் தங்கள் சொந்த ரிவார்டு தளங்களிலேயே ஷாப்பிங், உணவு, பயண நிறுவனங்களின் வவுச்சர்களை விற்கின்றன. சில கார்டுகளில் அதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் பாயிண்ட்டும் உண்டு. வங்கி தானே விரும்பிக் கொடுப்பது என்பதால் இதில் ஒளிவுமறைவு தேவையில்லை. வீட்டுக்கு எப்படியும் ஒரு கடையில் மாதம் 4,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறீர்கள் என்றால், அதே கடையின் வவுச்சரை வங்கித் தளத்தில் வாங்கிவிட்டு அதில் செலவழிக்கலாம். ஆண்டுக் கட்டணம் தள்ளுபடியாக இன்னும் கொஞ்சம் செலவு பாக்கி இருக்கும்போதும் இது கைகொடுக்கும். ஆனால் வவுச்சர் அந்த இலக்கில் சேருமா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். பல கார்டுகளில் வாலட் ஏற்றம் சேராது.

வாங்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பொதுவாகப் பல இடங்களில் செல்லும் பிரீபெய்டு கிஃப்ட் கார்டு என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு கார்டில் அதிகபட்சம் 10,000 ரூபாய்தான். மறுபடி ஏற்ற முடியாது, பணமாக எடுக்கவும் முடியாது. குறைந்தது 1 வருடம் செல்லுபடியாகும். ஒரே கடையில் மட்டும் செல்லும் வவுச்சர்கள் இந்த விதிகளுக்குள் வருவதில்லை. அவற்றின் காலாவதித் தேதியை அந்தக் கடையே முடிவு செய்யும், சிலவற்றில் சில மாதங்கள்தான் கிடைக்கும்.

ஃபாஸ்டேக், மெட்ரோ கார்டு வைத்திருப்பவர்களுக்கு: ஏற்றும் தொகைக்குப் பாயிண்ட் உண்டா என்பது எந்தத் தளம் வழியாக ஏற்றுகிறோம், அது எந்த எம்.சி.சி எண்ணில் வங்கிக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே டேக்குக்கு ஒரு ஆப்பில் பாயிண்ட் வரும், இன்னொன்றில் வராது. முதல் தடவை 100, 200 ரூபாய் மட்டும் ஏற்றிவிட்டு, அடுத்த ஸ்டேட்மென்ட்டில் பாயிண்ட் விழுந்திருக்கிறதா, கட்டணம் ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். வங்கியின் கட்டண விவரம் 'மோஸ்ட் இம்பார்ட்டன்ட் டெர்ம்ஸ்' என்ற தலைப்பில் அதன் வெப்சைட்டிலேயே இருக்கும். அதில் 'வாலட் லோடு' என்ற வரியைத் தேடினால் போதும்.