வாங்கும் செல் ‘போதும்’ என்றால்: கஞ்சா மூளையில் செய்வது என்ன?

ஜூன் 26, சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு தினம். பள்ளிகளில் உறுதிமொழி வாசிப்பார்கள், சுவரொட்டி ஒட்டுவார்கள். அந்த நாள் நெருங்கும்போது, ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் போன்ற ஊர்களின் பெற்றோர் எழுதும் கடிதங்களில் ஒரே குழப்பம்: “தொட்டால் சாவு என்கிறது சுவரொட்டி. மூலிகைதானே என்கிறான் பையன். எதை நம்புவது?”

இரண்டையும் நம்ப வேண்டாம். மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் கஞ்சா பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மிகக் குறைவு. ஹெராயின் போல அது மூச்சை நிறுத்துவதில்லை. மிரட்டல் பொய்யென்று கண்ட பையன், மெய்யான எச்சரிக்கையையும் தள்ளிவிடுகிறான்.

மெய்யான சேதம் வேறிடத்தில். நரம்புச் செல்களில் ஒன்று சேதி கொடுக்கும், அடுத்தது வாங்கும். வாங்கும் செல் ‘போதும்’ என்று திருப்பிச் சொல்லவும் வழி உண்டு. வயல் நிரம்பியதும் கடைமடைக்காரர் மேலே குரல் கொடுத்து மடையை அடைக்கச் சொல்வது மாதிரி. அந்தக் குரல், உடம்பே சுரக்கும் ஆனந்தமைடு போன்ற பொருள்கள். 1992இல் ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலம் குழு ஆனந்தமைடைக் கண்டறிந்தது. தேவைப்படும் இடத்தில் சுரந்து, வேலை முடிந்ததும் சிதைந்துவிடும்.

கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சி, ஆனந்தமைடு பற்றும் அதே ஏற்பியில் உட்காருகிறது, மூளையின் பல பகுதிகளில், மணிக்கணக்கில். நினைவு பதியும் இடத்தில் சேதி அடைபடுகிறது: சொல்ல வந்தது மறக்கும், நேரம் நீளும், சிலருக்குப் பதற்றமும் சந்தேகமும் கிளம்பும். மூளை 20 வயதைத் தாண்டியும் தன் இணைப்புகளைச் சீரமைக்கிறது; அதற்கும் இந்தக் குரல் வேண்டும். பள்ளி வயதில் தொடங்குவதை மருத்துவர்கள் அஞ்சுவது இதனால்தான். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தினமும் பயன்படுத்தியோருக்கு சைக்கோசிஸ் மனநோய் வாய்ப்பு 3 மடங்கு; வீரியம் கூடிய கஞ்சா என்றால் ஏறக்குறைய 5 மடங்கு.

சட்டக் கணக்கு வேறு. 1 கிலோ வரையிலான கஞ்சா ‘சிறிய அளவு’. பூக்கொத்தோடு சேராத இலை, 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் ‘கஞ்சா’ வரையறைக்குள்ளேயே வராது. அந்த இலையிலும் டிஹெச்சி உண்டு. போதைக்குச் சில மில்லிகிராமே போதும். 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை தொடங்கிய ‘கஞ்சா வேட்டை’ பிடிபட்ட எடையைச் சொல்லும். எத்தனை பேர் மீண்டார்கள் என்று சொல்லாது.

பெற்றோரின் மற்ற கேள்விகளுக்கும் சுருக்கமாகப் பதில். அடிமையாவார்களா? பயன்படுத்துவோரில் சுமார் 10 பேரில் ஒருவர். பதின்வயதில் தொடங்கினால் 6 பேரில் ஒருவர்.

இதயம்? துடிப்பு கூடும், இதய நோயாளிக்கு ஆபத்து.

வண்டி ஓட்டலாமா? கூடாது.

நிறுத்தினால்? தூக்கம் கெடும், எரிச்சல் வரும். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும்.

சிகிச்சைக்குப் போனால் வழக்கு? சிறிய அளவு வழக்கில் சிக்கிய அடிமை, தாமே முன்வந்து சிகிச்சையை முடித்தால் 64ஏ பிரிவு விலக்கு தருகிறது.

யாரிடம் பேசுவது? போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாதவை.