கையடக்கக் கடை – 14: எல்லையில் கோபுரம் தேடி

சென்ற வாரம், கைபேசியின் சார்ஜ் துளைக்குள் சேரும் பஞ்சையும் தூசியையும் குண்டூசியால் குத்தி எடுக்கலாகாது என்று சொல்லி நிறுத்தினேன். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்வார்களாக. உஷ்ணமும் ஈரமும் பேட்டரியின் ஆயுளை எவ்விதம் தின்கின்றன என்பதை இந்த வாரம் விஸ்தரிப்பதாக வாக்களித்திருந்தேன், எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் கம்பமெட்டில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருடைய கைபேசி நடுவே புகுந்து, என் திட்டத்தைக் கலைத்துவிட்டது.

கம்பமெட்டு, தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மலையேறினால் இடுக்கி மாவட்டம் ஆரம்பிக்கும் இடம். நண்பருக்குக் கடை என்று பெயருக்கு ஓர் அறை உண்டேயன்றி, வியாபாரம் முழுவதும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தொழிலாளரை ஏற்றிவரும் ஜீப்புக்காரருடைய அழைப்பு, தோட்டக்காரர் அனுப்பும் காயின் படம், புத்தடியிலும் போடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தின் சராசரி விலை, பணம் வரவானதற்கு வங்கியின் குறுஞ்செய்தி, பணம் அனுப்புவதற்கு ஓ.டி.பி. ஆகிய சகலமும் அந்த ஒரு கண்ணாடித் துண்டின் வழியாகவே நடந்தாக வேண்டும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ ஒன்று 7,000 ரூபாயைத் தொட்டதே, அத்தகைய ஒரு நாளில் அரை மணி நேரம் தொடர்பு அறுந்தால் வியாபாரியின் மனம் என்ன பாடுபடும் என்பதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

அப்பேர்ப்பட்ட கைபேசி, காலையில் நூறு சதவிகிதம் காட்டிவிட்டு மத்தியானத்துக்குள் அணைந்துபோயிற்று. புதிய பேட்டரி போட்டுக்கொள்வது என்று முடிவு செய்து அவர் கம்பத்துக்கு இறங்கினார்; நானும் உடன் போனேன். பழுது பார்க்கும் பையன் அதைக் கழற்றாமலே மாலைவரை மேஜைமேல் வைத்திருந்தான். சார்ஜ் ஏறக்குறைய அப்படியே இருந்தது. பிறகு செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்து, எது எவ்வளவு தின்றது என்ற பட்டியலின் முதல் வரியை ஸ்குரூ டிரைவர் முனையால் தொட்டுக் காட்டினான். அங்கே வாட்ஸப்பும் இல்லை, யூடியூபும் இல்லை. ‘மொபைல் நெட்வொர்க்’ என்று இருந்தது.

“அண்ணே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நீங்க நிக்கிற இடந்தான் சரியில்ல.”

“கடையத் தூக்கிட்டு எங்கப்பா போகச் சொல்ற?” என்றார் நண்பர்.

பையன் சொன்னது சாஸ்திர சம்மதமான உண்மை. கைபேசி கோபுரத்தோடு பேசும்போது எப்போதும் ஒரே பலத்தோடு பேசுவதில்லை. கோபுரம் கிட்டத்தில் இருந்தால் மெல்லிய குரலிலும், தூரத்திலோ மலைக்கு மறைவிலோ இருந்தால் உரத்த குரலிலும் பேசும்படி கோபுரமே அதற்கு இடைவிடாமல் ஆக்ஞை இட்டுக்கொண்டிருக்கிறது. 4ஜி கைபேசியின் உச்சக்குரல் சாதாரணமாக 0.2 வாட், கோபுரத்தடியில் நிற்கும்போதோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். ஆகவே, பத்துப் புகைப்படங்களை அனுப்புவதற்குச் சமவெளியிலே செலவாகும் மின்சாரத்தைவிட, அதே பத்தை ஏலக்காட்டுப் பள்ளத்தாக்கிலிருந்து அனுப்புவதற்கு மிக அதிகமாகச் செலவாகிவிடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்த வாரக் கட்டுரை ஒழுங்காக முடிந்திருக்கும். ஆனால் இந்த விஷயத்தைத் துருவிக்கொண்டு போனபோது அகப்பட்ட இன்னொரு செய்தி, பல நாளாக என்னைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறது. நம் சோதனைச் சாவடிகளுக்குத் தெரிவதைவிடத் துல்லியமாக மாநில எல்லை கைபேசிக்குத் தெரியும். ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஓர் எண் உண்டு. அதன் முற்பகுதி தேசத்தைக் குறிக்கும், இந்தியாவுக்கு 404, 405 முதலியவை. பிற்பகுதி நிறுவனத்தையும் அதன் தொலைத்தொடர்பு வட்டத்தையும் குறிக்கும். ஆதலால் ஒரே கம்பெனியேயானாலும் அதன் தமிழ்நாட்டு வட்டமும் கேரள வட்டமும் கைபேசியின் கணக்கில் இரு வேறு வலைகள். தமிழ்நாட்டு சிம் ஒன்று கேரளக் கோபுரத்தின் நிழலில் ஒதுங்கும்போது, விருந்தாளியாகவே ஒதுங்குகிறது. சொந்த வலை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று குறித்த காலத்துக்கு ஒரு முறை தேடிப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேசத் தரவிதி. அந்த இடைவெளி சிம்முக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்: குறைந்தபட்சம் 6 நிமிஷம், அதிகபட்சம் 8 மணி, ஒன்றும் எழுதாவிட்டால் 60 நிமிஷம். எவ்வளவு என்பது கம்பெனியின் சித்தம். எதிர் மாநிலத்துக் கோபுரம் சரிவுக்குக் கீழே கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருக்கும் கம்பமெட்டிலும் குமுளியிலும் போடிமெட்டிலும், இந்தப் பாழாய்ப்போன தேடல் ஓயாமல் நடக்கிறது. புகுந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பிறந்த வீட்டு வழியைப் பார்க்கும் புதுப்பெண்ணைப் போல, அது இருக்கிற இடத்தில் மனம் பொருந்தி இருப்பதே இல்லை.

எல்லையோரத்து வியாபாரிகள் இதற்கு ஆதியிலேயே ஒரு வழி கண்டிருந்தார்கள்: இரண்டு சிம், சிலருக்கு இரண்டு கைபேசியே. அது அப்போது காசுக்காகச் செய்த காரியம். நம் தேசத்தில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டில்லிக்குப் பேசிய முதல் செல்பேசி அழைப்பிலிருந்து பல ஆண்டுகள்வரை, வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2003ல் அந்த வழக்கம் ஒழிந்த பின்னும், வட்டம் தாண்டினால் ரோமிங் கட்டணம் விடாமல் துரத்தியது. கேரளத்தின் முதல் செல்பேசி அழைப்பை யார் செய்தார் என்பது நேயர்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. 1996 செப்டம்பர் 17 அன்று கொச்சியில் அந்தக் கருவியைக் காதில் வைத்துப் பேசியவர், ‘செம்மீன்’ எழுதிய தகழி சிவசங்கரப் பிள்ளை. மறுமுனையில் தென்பிராந்தியக் கடற்படைத் தளபதி டாண்டன். ஒரு தொழில் யந்திரத்தைத் தொடங்கிவைக்க நாவலாசிரியரை அழைத்த அந்த ரசனையை மெச்சிக்கொண்டே மேலே செல்கிறேன்.

மேலே சென்றால் அபாய ஒலி கேட்கிறது. 2023 அக்டோபரில் பேரிடர் எச்சரிக்கைக்கான பரீட்சை ஒலியைத் தமிழ்நாட்டில் 20ஆம் தேதியும் கேரளத்தில் 31ஆம் தேதியும் எழுப்பினார்கள். அது நம்பர் நம்பராகப் போகும் செய்தி அன்று. கோபுரம் தன் வட்டாரத்திலுள்ள கைபேசிகள் அனைத்துக்கும் ஒரே சமயத்தில் கூவும் ஒலிபரப்பு. எனவே எல்லையில் நிற்பவருக்கு எந்த மாநிலத்தின் எச்சரிக்கை வந்து சேரும் என்பது, அவருடைய ரேஷன் கார்டைப் பொறுத்ததன்று. அந்த க்ஷணத்தில் அவருடைய கைபேசி எந்தக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பாலக்காட்டுப் பக்கம் கதை வேறு. அங்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்பதால், வேலந்தாவளம் காய்கறிச் சந்தையிலும் கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவிலும் இரு மாநிலத்துக் கோபுரங்களும் தடையின்றி எட்டிப் பார்க்கின்றன. அங்கே குறை, கோபுரம் இல்லாமை அன்று; அதிகமாக இருந்து இழுபடுதல். வாளையாற்றில் லாரிகள் வரிசை கட்டி நின்ற வரிச் சாவடி 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததோடு ஓய்ந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமான பிறகு, காகிதக் கட்டில் பெரும்பகுதியின் ஸ்தானத்தில் ஓட்டுநரின் கைபேசியில் ஓர் எண் வந்து உட்கார்ந்தது. அந்தக் கைபேசி அணைந்துபோனால் சாவடி மறுபடியும் முளைத்த மாதிரிதான்.

பரிகாரம் சொல்லாமல் போனால் நண்பர் கோபித்துக்கொள்வார். அவர் கைபேசியில் பையன் செய்தது இவ்வளவே: நெட்வொர்க் தேர்வில் ‘தானியங்கி’ என்பதை நிறுத்தி, கடையில் பலமாகக் கிடைக்கும் வலையைக் கையாலேயே தேர்ந்தெடுத்தான்; எதுவும் எட்டாத தோட்டப் பள்ளத்தில் இறங்கும்போது விமானப் பயன்முறையில் போட்டுவிடச் சொன்னான்; மலையிறங்கியதும் தானியங்கிக்கு மாற்ற மறந்தால் ‘சேவை இல்லை’ என்றுதான் காட்டும், அப்போது தன்னை வையக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னான். புதிய பேட்டரியின் பணம் நண்பருக்கு மிச்சம். பேட்டரி மாற்ற நினைக்கும் மற்றவர்களும், முதலில் அந்தப் பட்டியலின் முதல் வரியைப் படித்துவிட்டு அப்புறம் பணப்பையைத் திறப்பது உசிதம்.

உஷ்ணமும் ஈரமும் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டன. ஆசிரியர் அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தாயிற்று. பாலக்காட்டு வெயிலில் ஜீப்பின் முன்பலகைமேல் கைபேசியைச் சார்ஜில் போடுகிறவர்களும், இடுக்கி மழையில் நனைந்ததை அரிசிப் பானைக்குள் புதைக்கிறவர்களும் அதுவரை அந்த இரண்டையும் நிறுத்திவைக்கட்டும்; காரணம் பிறகு சொல்கிறேன்.