பால் தெளிநீரும் தசை வலிவும்

வட இந்திய நகரங்களில் குடியிருக்கும் தமிழன்பர்கள் பலரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. விடியற்காலையில் பனீர் செய்து விற்கும் கடைக்குச் சென்றால், அகன்ற கடாயில் கொதிக்கும் பாலில் புளிப்பைச் சேர்த்துத் திரித்து, திரண்டதைத் துணியிற் கட்டிப் பாரம் ஏற்றி வைத்திருப்பார்கள். துணியின் வழியே கசியும் இளம்பச்சை நிறமான நீர் ஒழுகிச் சாக்கடையில் கலந்துவிடும். அதே வீதியில் நாலைந்து கடைகளுக்கு அப்பால், கறுப்பு நிறப் பெரிய டப்பாக்களை அடுக்கிவைத்த வேறொரு கடை இருக்கும். அந்த டப்பாக்களில் இருப்பதும் பால் திரிந்தபின் எஞ்சும் நீரிலிருந்து எடுத்த தூளேயாகும். ஒரு டப்பாவின் விலை சில ஆயிரம் ரூபாய்.

என் தமக்கையின் மகன் குருகிராமத்தில் வேலை கிடைத்து வந்து, சென்ற ஓராண்டாக எங்களுடன் தங்கியிருக்கிறான். முதல் மாதச் சம்பளத்தில் பாட்டிக்குப் புடைவை வாங்கினான். இரண்டாம் மாதச் சம்பளத்தில் இந்த டப்பாவை வாங்கினான். "இவ்வளவு விலையா?" என்று கேட்டேன். "மாமா, பயிற்சி முடிந்த அரை மணிக்குள் இதைக் குடிக்காவிட்டால் உழைத்ததெல்லாம் வீண்" என்றான். அவன் அதைச் சொன்ன உறுதியே என்னை இவ்விஷயத்தைத் தேடிப் படிக்கத் தூண்டியது. இதே சமயத்தில், எங்களுடன் இருக்கும் என் தாயார் குளிர்காலத்தில் வழுக்கி விழுந்து ஆறு வாரம் படுக்கையில் கிடந்து எழுந்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கையூன்றாமல் நாற்காலியைவிட்டு எழ முடியவில்லை. தசை வலிவு என்பது இளைஞர்களின் விஷயம் மட்டுமன்று என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இத்தூளை எல்லோரும் ஆங்கில வழக்கின்படி 'வே புரோட்டீன்' என்றே குறிக்கிறார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இத்தகைய சொல் எதிர்ப்பட்டால் உறக்கம் வராது. மோரை அசையாமல் வைத்தால் மேலே தெளிந்து நிற்கும் நீரை நம் வீட்டுப் பெரியவர்கள் மோர்த்தெளிவு என்பர். அதையொட்டி, பால் திரிந்தபின் பிரியும் நீரைப் பால் தெளிநீர் என்று நான் எழுதுகிறேன். இப்பெயரை டப்பாவின்மேல் அச்சிட்டால் ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று அலுவலக நண்பர் ஒருவர் கூறினார். அது உண்மையாகவே இருக்கலாம்.

பசும்பாலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன் என்னும் வகை. பால் திரியும்போது கட்டியாகத் திரள்வது இதுவே. எஞ்சிய ஒரு பங்கு தெளிநீரிலேயே கரைந்து நிற்கும். பாலாடைக்கட்டித் தொழிற்சாலைகளில் 10 லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கட்டியும் சுமார் 9 லிட்டர் தெளிநீரும் கிடைக்கின்றன. மேனாடுகளில் நெடுங்காலம் இந்நீரைப் பன்றிகளுக்கு ஊற்றினார்கள், வயலில் பாய்ச்சினார்கள், ஆற்றிலும் விட்டார்கள். ஆற்றில் விட்டபோது நீரிலுள்ள பிராணவாயு குன்றி மீன்கள் மடிந்தன. சட்டங்கள் கடுமையாகவே, இக்கழிவை என்ன செய்வது என்னும் கேள்வி பிறந்தது. மிக நுண்ணிய சல்லடை போன்ற சவ்வுகளின் வழியே நீரைச் செலுத்திப் புரதத்தைத் தடுத்து நிறுத்தி, சர்க்கரையையும் உப்பையும் நீருடன் வெளியேற்றி, எஞ்சியதைச் சூடான காற்றில் தூவி உலர்த்தும் முறை கைகூடியது. அதன் பயனே இத்தூள்.

அப்படியானால் பனீர்க் கடைக்காரரிடம் அந்நீரை இலவசமாக வாங்கிக் குடித்தாலென்ன என்று சிக்கனக்காரர் கேட்பார். நானும் கேட்டவன்தான். கணக்கு அதற்கு இடங்கொடுக்கவில்லை. பாலாடைக்கட்டியின் தெளிநீரில் 100 மில்லிக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே புரதம் உண்டு. 25 கிராம் பெற வேண்டுமானால் சுமார் 3 லிட்டர் குடிக்க வேண்டும். அதனுடன் 100 கிராமுக்கு மேற்பட்ட பால் சர்க்கரையும் வயிற்றுக்குள் போகும். பனீருக்கோ பாலை நன்கு கொதிக்க வைப்பதால், தெளிநீர்ப் புரதத்தின் பெரும்பகுதியும் கேசீனுடன் ஒட்டிப் பனீரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே சாக்கடையில் ஓடும் நீருக்காக வருந்த வேண்டியதில்லை. சத்து பனீரில் இருக்கிறது. அந்நீரை வீட்டில் சப்பாத்தி மாவு பிசையச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனித் தசையைப் பார்ப்போம். பாரம் தூக்குவது போன்ற கடும் பயிற்சியால் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. உடல் அவற்றைச் செப்பனிடும்போது முன்னிலும் சற்று வலிவாகக் கட்டுகிறது. கட்டுவதற்குரிய செங்கற்கள் உணவுப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள். கட்டும் வேலையைத் தொடங்குமாறு தூண்டுவதில் அவற்றுள் லியூசின் என்பதற்குத் தனிப் பங்கு உண்டு. தெளிநீர்ப் புரதத்தில் லியூசின் மிகுதி, விரைவாகவும் செரிக்கிறது. கேசீனோ இரைப்பையில் தயிர்போல் உறைந்து மெல்ல மெல்ல இறங்கும். தூளின் பெருமைக்குரிய விஞ்ஞானக் காரணம் இவ்வளவுதான். அது பொய்யன்று.

ஆனால் 'அரை மணி' என்னும் கெடு மிகைப்படுத்தப்பட்டது. பயிற்சிக்குப்பின் தசை கட்டும் வேலை ஒரு நாளும் அதற்கு மேலும் உயர்ந்த நிலையில் நடக்கிறது. நாள் முழுவதும் உண்ணும் மொத்தப் புரதமே முக்கியம். பயிற்சிக்கு முன்னர் ஒழுங்காக உண்டவன் பின்னர் வீடு வந்து நிதானமாகச் சாப்பிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. மறுநாள் படியிறங்கும்போது தொடையில் உண்டாகும் வலியையும் இத்தூள் போக்கும் என்று விளம்பரங்கள் சொல்லுகின்றன. அவ்வலி ஓரிரு நாளில் உச்சம் பெற்றுத் தானே தணிவது. தூள் அதைக் கணிசமாகக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. நீண்ட தூரம் ஓடுபவருக்கோ, தசையில் தீர்ந்துபோன மாவுச்சத்தை நிரப்பச் சோறும் சப்பாத்தியுமே முதல் தேவை.

2018-ல் 49 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்த விஞ்ஞானிகள், பாரப் பயிற்சி செய்வோர் கூடுதல் புரதம் உட்கொள்வதால் தசை முதலிய கொழுப்பற்ற எடை சராசரி 300 கிராம் அளவே மிகுதியாகக் கூடுகிறது என்றும், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராமுக்கு மேல் உண்பதால் அதற்குமேல் பயனில்லை என்றும் கண்டார்கள். சாதாரண மனிதருக்கு நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் விதித்த அளவு கிலோவுக்கு 0.83 கிராம். ஆக 70 கிலோ எடையுள்ள என் மருமகனுக்குக் குறைந்த அளவு 58 கிராம். பயிற்சி செய்பவன் என்ற முறையில் உச்ச அளவு 112 கிராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும். நண்பகலில் அலுவலகத்துச் சோறு, பருப்பு, காய், தயிர். மாலையில் தேநீரும் பிஸ்கோத்தும். இரவில் மூன்று சப்பாத்தி, பருப்பு. படுக்குமுன் ஒரு தம்ளர் பால். எல்லாம் கூட்டினால் சுமார் 57 கிராம்தான் தேறியது. தட்டு நிறையச் சோறிருந்தும் புரதம் அதன் ஓரத்தில்தான் இருந்தது. இது அவன் குறையன்று. நம்மில் பெரும்பாலோர் வீட்டுத் தட்டின் நிலை இதுதான். அரிசியிலும் புரதம் உண்டென்றாலும் சிறிதே. 100 கிராம் சோற்றில் இரண்டரைக் கிராம் இருக்கும்.

இரண்டு முட்டை, 50 கிராம் வறுத்த கடலை, 100 கிராம் பனீர் ஆகியவற்றைச் சேர்த்தால் கணக்கு 99 கிராமுக்கு உயர்கிறது. அஃதாவது கிலோவுக்கு 1.4 கிராம். அவன் செய்யும் பயிற்சிக்கு அது தாராளம் என்பது என் கருத்து. (முட்டையை அவன் வெளியில்தான் தின்ன வேண்டும். பாட்டிக்குத் தெரியாதென்று இருவரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.) பீஹார் மாநிலத்து அண்டை வீட்டார் கோடையில் கரைத்துக் குடிக்கும் சத்து மாவும் வறுத்த கடலையின் பொடியே, 100 கிராமில் 20 கிராம் அளவு புரதமுள்ளது. புலம்பெயர்ந்து வந்த ஊரின் உணவில் நாம் கற்றுக்கொள்ளத் தக்கது இதுபோல் எவ்வளவோ உண்டு.

தூளை அடியோடு விலக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஒரு கரண்டித் தூள், சுமார் 30 கிராம், ஏறக்குறைய 24 கிராம் புரதம் தரும். சமைக்க நேரமில்லாத விடுதிவாசிக்கு அது ஒரு வசதி. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு நெறிமுறைகளில், உடலைப் பருக்கச் செய்வதற்காகப் புரதத் தூள்களை நாடுவதைத் தவிர்க்குமாறு கூறியது. சர்க்கரையும் செயற்கை இனிப்பும் மணமும் அவற்றில் சேர்க்கப்படுவதை ஒரு காரணமாகக் காட்டியது.

அதனினும் பெரிய கவலை கலப்படம். புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை உண்மையில் நைட்ரஜனையே அளக்கிறது. நைட்ரஜன் மிகுந்த மலிவான பொருளைக் கலந்துவிட்டால் சோதனை ஏமாந்துபோகும். 2008-ல் சீனாவில் குழந்தைகளின் பால் மாவில் மெலமைன் கலந்து ஆறு குழந்தைகள் இறந்ததும், ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றதும் இந்தச் சூதினால்தான். நம் நாட்டில் விற்கும் 36 புரதத் தூள்களைக் கேரளத்து மருத்துவர்கள் ஆராய்ந்து 2024-ல் வெளியிட்ட முடிவில், சுமார் 70 விழுக்காட்டில் சீட்டில் எழுதிய புரத அளவு உண்மைக்கு ஒத்துவரவில்லை. மருமகனின் முதல் டப்பாவிலும் மூடிக்குக் கீழிருந்த முத்திரைத் தாள் ஒரு பக்கம் பிரிந்திருந்தது. கடைக்காரர், "வெளிநாட்டுச் சரக்கு அப்படித்தான் வரும்" என்றார், ரசீதும் தரவில்லை. ரசீதும், பழுதற்ற முத்திரையும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இல்லாத டப்பாவைத் தொடாமலிருப்பதே நலம்.

தாயாரைப் பரிசோதித்த வைத்தியர் முதலில் கேட்டது, என்ன சாப்பிடுகிறார்கள் என்பதே. காலையில் காப்பி, பிறகு கஞ்சி, மத்தியானம் ரசஞ்சாதம், இரவில் மோர்ச்சாதம். நாள் முழுவதற்கும் 30 கிராம்கூடத் தேறாது. முதுமையில் தசை தானே குறைந்துகொண்டு வரும். படுக்கையில் கிடந்தால் இன்னும் விரைவாகக் குறையும். ஆகவே முதியோருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பர். 55 கிலோ எடைக்கு 55 முதல் 66 கிராம். பல்லும் பசியும் குன்றியவர் கடலையை எப்படி மெல்லுவார்? வைத்தியர் சிறுநீரகச் சோதனை செய்து, அது நன்றாக இருப்பதை உறுதிசெய்துகொண்ட பின்னரே புரதத்தைக் கூட்டச் சொன்னார். சிறுநீரகக் கோளாறுள்ளவருக்கு இது தீங்காகலாம், அச்சோதனையைத் தவிர்க்கலாகாது.

பருப்பைக் குழைய வேகவைத்து இரட்டிப்பாக்கினோம், தயிரையும் கூட்டினோம். அப்படியும் போதவில்லை. மருமகன் தன் டப்பாவை நீட்டினான். சாக்லெட் மணம் தாயாருக்குப் பிடிக்கவில்லை. சூடான காப்பியில் போட்டதும் முட்டை வெந்ததுபோல் கட்டி தட்டியது. வெப்பத்தில் அப்புரதம் திரளும் இயல்புடையது. சத்துக் கெடுவதில்லையென்றாலும் குடிக்க முடியாது. பிறகு மணமும் இனிப்பும் சேராத தூளை ரசீதுடன் வாங்கி, ஆறிய மோரில் கரைத்து, உப்பும் பெருங்காயமும் சேர்த்துக் கொடுத்தோம். முகஞ்சுளிக்காமல் குடித்தார்கள்.

வைத்தியர் இன்னொன்றும் விதித்திருந்தார்: நாற்காலியில் அமர்ந்து எழும் பயிற்சி, காலையும் மாலையும். அது இல்லாவிடில் மோரில் எதைக் கரைத்தாலும் தசை கேட்காது என்றார். தொடக்கத்தில் மருமகன் கைகொடுக்க மூன்று முறை எழுந்தார்கள். இப்போது கைப்பிடியைத் தொடாமல் எட்டு முறை எழுகிறார்கள், எண்ணுவது அவன்.