அப்போய் கெட்ட பையனா?

பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் இரண்டு வகையாகத்தான் காட்டுகின்றன. ஒன்று, கடைசிக் காட்சியில் திருந்திவிடும் சுட்டிப் பிள்ளை. மற்றொன்று, காதலுக்காக எதையும் இழக்கத் துணியும் பிள்ளை. நம் வீட்டில் இருக்கும் பிள்ளையோ வேறு மாதிரி. தன் கைப்பேசி, தன் கூட்டாளிகள், தன் கோபம் என்று தன்னைச் சுற்றியே வாழும். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் அம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்காது.

அப்படியொரு பிள்ளையைத் திரையில் பார்க்க வேண்டுமானால் 'ஜகாட்' படத்துக்குத்தான் போக வேண்டும். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய இந்த மலேசியத் தமிழ்ப் படம் 2015 டிசம்பரில் வெளிவந்தது. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்லை நம்மவர்கள் உச்சரிக்கும் விதமே 'ஜகாட்'. கெட்டது என்று பொருள்.

கதை 1990களின் தொடக்கத்தில் நடக்கிறது. தோட்ட வாழ்க்கை கலைந்துபோன காலம். 12 வயது அப்போய் குறும்புக்காரன். கற்பனை நிறைந்தவன். அப்பா மணியம், மகன் படித்து முன்னேற வேண்டும் என்று அடித்து வளர்க்கிறார். ஒரு சித்தப்பா குண்டர் கும்பலில் இருக்கிறார். இன்னொருவர் போதைப் பழக்கத்தில் சிக்கியவர். அப்போயின் கண் குண்டர் சித்தப்பாவின் மிடுக்கின் மேல்தான் போகிறது. தோட்டத்தை விட்டுப் பிறை தொழிற்பேட்டைக்குப் பிழைக்க வந்த குடும்பங்களுக்கு இது அந்நியமான கதை அல்ல.

நம் சமூகத்தைப் பற்றிப் படம் எடுத்தால் நல்லதைக் காட்டக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அப்போயை நல்லவனாகக் காட்டியிருந்தால், அவன் ஏன் வழி மாறுகிறான் என்பது நமக்குப் புரிந்திருக்காது. பிரெஞ்சு இயக்குநர் துரூஃபோ 1959இல் எடுத்த 'நானூறு அடிகள்' படத்துச் சிறுவனும் இப்படித்தான். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, அம்மா இறந்துவிட்டதாகப் பொய் சொல்வான். பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979) படத்துப் பையன்களுக்கும் ஆசிரியை மேல் மயக்கம். நண்பன் ஒருவன் ஆற்றில் மூழ்கி இறக்கும்போதுதான் விளையாட்டுப் பருவம் முடிகிறது. இந்தப் படங்கள் எதுவும் பிள்ளைகளின் தவறுக்கு வக்காலத்து வாங்கவில்லை. தவறு எங்கே முளைக்கிறது என்று காட்டுகின்றன.

2016 மலேசியத் திரைப்பட விழாவில் 'ஜகாட்' முதலில் தேசிய மொழி அல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில்தான் வைக்கப்பட்டது. பல இனக் கலைஞர்களும் எதிர்ப்புத் தெரிவித்ததால் மொழிப் பிரிவு கைவிடப்பட்டது. முடிவில் சிறந்த படத்துக்கான விருது 'ஜகாட்'டுக்கே கிடைத்தது.

மணியம் கொடுமைக்காரர் அல்ல. மகனைக் காப்பாற்றத்தான் பிரம்பை எடுக்கிறார். பயந்த பிள்ளையோ, தன்னை அடிக்காத சித்தப்பாவிடம் ஒதுங்குகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள். முடிந்ததும் புத்திமதி வேண்டாம். அப்போய் செய்தது சரியா என்று கேட்டுவிட்டு, அவர்களைப் பேச விடுங்கள்.